நாடா குடும்பமா என்று கேட்கும் முன்னால்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு. "போர்னு வந்துட்டா நாடுதான் முதல்ல, அப்புறம்தான் அம்மா அப்பா எல்லாம்" என்றார் கூட வேலை பார்க்கும் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. 1943-இல் அமெரிக்காவில் முள்வேலிக்குள் இருந்த ஜப்பானிய அமெரிக்கர்களிடம் நீட்டப்பட்ட ஒரு படிவம்தான் நினைவுக்கு வந்தது.

ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய சில வாரங்களில், 1942 பிப்ரவரியில், அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் தூக்க முடிந்ததோடு கிளம்ப வேண்டியதாயிற்று. மூன்றில் இரண்டு பங்குப் பேர் அங்கேயே பிறந்த குடிமக்கள். குழந்தைகளின் சட்டையில்கூடக் குடும்ப எண் எழுதிய அட்டை தொங்கியது. அவர்களை அடைத்து வைக்க முள்வேலி முகாம்கள் தயாராகும்வரை சான்டா அனிடா பந்தய மைதானத்தில் பல குடும்பங்களைக் குதிரை லாயத்தில் தங்க வைத்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சாண நாற்றம் போகவில்லை.

இப்படி அடைத்து வைத்தவர்களிடம்தான் அடுத்த வருடம் அந்தப் படிவம் வந்தது. 27-ஆவது கேள்வி: எங்கே அனுப்பினாலும் போரிடத் தயாரா? 28-ஆவது: அமெரிக்காவுக்கே முழு விசுவாசம், ஜப்பானியப் பேரரசருக்கு இல்லை என்று உறுதி சொல்வாயா?

பெற்றோர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் பிறந்த அவர்களுக்கு 1952 வரை அமெரிக்கக் குடியுரிமை பெறவே சட்டத்தில் வழியில்லை. 'ஆம்' என்று எழுதினால் எந்த நாடும் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தார்கள். அப்பா 'இல்லை' என்றும் மகன் 'ஆம்' என்றும் எழுதினால் குடும்பத்தைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதிய பையன்கள் உண்டு. அவர்களுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்தது, விசுவாசமில்லாதவர்கள் என்று முத்திரை குத்தியவர்களை அடைத்த டூலி லேக் முகாம் கிடைத்தது.

'ஆம்' என்ற இளைஞர்கள் பலர், ஜப்பானிய அமெரிக்கர்களுக்கென்றே அமைத்த 442-ஆவது படைப்பிரிவில் போய்ச் சேர்ந்தார்கள். 1944 அக்டோபரில் பிரான்சின் வோஜ் மலைக்காட்டில், ஜெர்மானியர்களிடம் சிக்கிய டெக்சாஸ் வீரர்கள் 200 பேர் சொச்சத்தை மீட்டார்கள். அதற்காக இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் மீட்கப்பட்டவர்களைவிடப் பல மடங்கு. செத்துப்போன மகனின் பதக்கத்தை முகாமுக்குள்ளேயே வாங்கிக்கொண்ட தாய்மார்கள் இருந்தார்கள். மகன் உயிரைக் கொடுத்த பிறகும் அம்மா கைதிதான்.

படைக்குக் கட்டாய அழைப்பு வந்தபோது ஹார்ட் மவுண்டன் முகாமில் 63 பேர் வேறு மாதிரி பதில் சொன்னார்கள்: முதலில் எங்கள் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள், குடும்பத்தை வெளியே விடுங்கள், அப்புறம் படைக்கு வருகிறோம். என்ன தப்பு இதில்? சிறைக்கு அனுப்பினார்கள். 1947-இல் அதிபர் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். ஆனால் சொந்தச் சமூகத்திலேயே பல ஆண்டுகள் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

போரில் இறந்தவனை நான் கும்பிடுகிறேன். அதே அளவுக்கு, அப்பா அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதிய பையனையும் மதிக்கிறேன். அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அரசு. குடும்பத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு பிள்ளையிடம் விசுவாசம் கேட்க எந்த நாட்டுக்கும் உரிமை கிடையாது.

படைக்குப் போக மறுத்தவர்களிடம் ஜப்பானிய அமெரிக்கர்களின் பெரிய அமைப்பு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2002-இல். அப்போது பலர் உயிரோடு இல்லை.