நிறநிற வாளிகளுக்கு முன் சாப்பாட்டுக் கோப்பை

யாழ்ப்பாணத்தில் இப்போது கொஞ்சம் பெரிய கந்தோர் எதற்குள் போனாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறநிறமாக வாளிகள் நிற்கின்றன. பச்சை உக்குகிற குப்பைக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு. மூடியைத் திறந்தால் மூன்றிலும் ஒரே சாமான்தான்: சாப்பிட்டுச் சுருட்டின சோற்றுப் பார்சல். வாளி வாங்கிய வவுச்சர் கோவையில் இருக்கும், வாளியோடு நின்று எடுத்த படம் முகநூலில் இருக்கும்.

சனத்துக்குப் பிரிக்கத் தெரியாது, விழிப்புணர்வு போதாது என்று சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. காசு வருகிற சாமானைப் பிரிக்க எங்களுக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர்கள் காட்போட் பெட்டியை மழையில் நனைய விடுவார்களா? தட்டையாக்கிக் கட்டி வைத்து, வாங்குகிறவர் வந்ததும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். பழைய இரும்பு, பித்தளை, வெறும் போத்தல் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலில் விளக்கு எரித்த ஊர் இது.

கந்தோரில் சிக்கல் தொடங்குவது மத்தியானச் சாப்பாட்டோடு. சோறு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட், அதைச் சுற்றிப் பழைய பேப்பர், அதற்கு மேல் ஒரு சொப்பிங் பை. சாப்பிட்டு முடிந்ததும் மிச்சச் சோறு, மீன்முள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிக் கைக்கு எட்டின வாளிக்குள் எறிவோம். குழம்பும் எண்ணெயும் ஊறின கடதாசி மீள்சுழற்சிக்கு உதவாது. தாளைத் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் நாரை விட்டுப் போகாது. அதனால் ஒரு பார்சல் விழுந்தாலே, காலையிலிருந்து பிழையாக அச்சடித்துப் போட்ட நல்ல ஏ4 தாள்களும் சேர்ந்து பழுதாகின்றன. (பில் மெஷினில் வருகிற வழவழப்பான தாள் வேறு விஷயம். அதில் இரசாயனப் பூச்சு இருக்கிறது, கடதாசி வாளிக்குள் அது போகவே கூடாது.)

லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புப் பக்கத்து மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளுக்கு மேல் சரிந்து 30 பேருக்கு மேல் செத்த பிறகுதான் அதற்கும் வேகம் வந்தது. பிறகு 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு வரைக்கும் தடை. சரி, தடைகள் இருக்கட்டும். யாழ் நகரத்துக் குப்பை கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அங்கே நெருப்புப் பிடித்தால் சுற்றியிருக்கிற சனம் மூச்சு விட முடியாமல் கிடக்கிறது. வற்றாத ஆறில்லாத குடாநாடு, கிணற்றை நம்பிய சீவியம், அடியில் சுண்ணாம்புக்கல். மேலே ஊறுகிறது கீழே நல்ல தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

ஆகவே முதலாளிமாரிடமும் முகாமையாளர்களிடமும் நான் கேட்பது இதுதான்: வாளிக்கு முன் கோப்பை, அதாவது சாப்பிடுகிற தட்டு, வாங்குங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் கோப்பை, கை கழுவுகிற இடத்தில் கொஞ்சம் பெரிய தொட்டி, மிச்சச் சோற்றுக்கு மூடியுள்ள ஒரு வாளி. நாலைந்து பேர் சேர்ந்தால் கடையிலிருந்து கரியரிலேயே எடுப்பிக்கலாம். பார்சல்தான் வேண்டுமென்றால் நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டங்கள் இருக்கின்றன. இலையை அனலில் வாட்டிக் கட்டினால் கிழியாது. மிச்சச் சோற்றைக் கோழி வளர்க்கிறவர்களிடம் கொடுக்கலாம். இவ்வளவும் நடந்தால் நீல வாளிக்குள் கடதாசி மட்டும் கிடக்கும், அதை விற்கவும் முடியும்.

"யார் கோப்பை கழுவுறது?" என்று உடனே கேட்பார்கள் என்பது தெரியும். கூட்டித் துடைக்க வருகிற அக்காவின் தலையில்தான் கட்டப் பார்ப்பார்கள். நாங்கள் கலந்து எறிந்த குப்பையை வெறுங்கையால் கிளறி, பிளாஸ்டிக் போத்தலைப் பொறுக்கி எடுக்கிறவரும் அவர்தான். சாப்பிட்டவர் கழுவட்டும், முகாமையாளர் உட்பட. போத்தல் விற்ற காசையும் அந்த அக்காவிடமே கொடுத்து விடுங்கள்.