சொல்லிவிட்டால் மட்டும் போதாது

"கூரை வேலையைச் செயற்குழு உறுப்பினரின் தம்பியின் கம்பனிக்குக் கொடுத்ததில் தவறில்லை, கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாரே" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான அறநிறுவனத்துக்கு இது சரியல்ல.

சொல்வது முதல் படிதான். 2011-ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அறங்காவலருக்கோ (நிறுவனத்தை நடத்தும் செயற்குழு உறுப்பினர்கள்தான் அறங்காவலர்கள்) அவரோடு தொடர்புள்ளவருக்கோ சேவைக்காகப் பணம் கொடுக்க அனுமதிக்கிறது. உடன்பிறந்தவரும், அவர் கட்டுப்படுத்தும் கம்பனியும் அந்தத் தொடர்புக்குள் வருவார்கள். ஆனால் எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும், தொகை நியாயமானதாக இருக்க வேண்டும், இப்படிப் பயன்பெறுவோர் அறங்காவலர்களில் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும். நிறுவனத்தின் யாப்பு, அதாவது அதன் அமைப்பு விதிகள், தடுத்தால் இந்த வழியே இல்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொருள் வாங்குவதற்கும் இதே நிபந்தனைகள்தான். சம்பந்தப்பட்டவர் அந்த முடிவில் பங்கெடுக்கவும் முடியாது.

நான் இருந்த ஒரு சங்கத்தில் ஒருவர் "இது என் தம்பியின் கம்பனி" என்று சொல்லிவிட்டு அதே கதிரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று விலைக்கோரல்கள் மேசையில் கிடந்தன. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தம்பியின் விலை அதிகம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான். அதனால்தான் வெளியே போகச் சொல்கிறார்கள். அவர் நேர்மையானவரா என்பதல்ல கேள்வி.

உங்கள் கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்: அவர் எப்போது வெளியேறினார், மற்ற விலைகள் என்ன, ஏன் இந்தக் கம்பனியைத் தெரிவுசெய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். அது சனம் கொடுத்த காசு.