தேன் பாறையில் கயிறு பிடிப்பவன்

மனிதனைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் கொஞ்ச நாளில் மிருகமாகிவிடுவான், ஊரும் சட்டமும் போலீஸும்தான் அவனை மனிதனாக வைத்திருக்கின்றன என்று இலக்கியத்தின் பேரில் யாராவது பாடம் நடத்தினால் எனக்குக் கோபம் வருகிறது. நான் கோத்தகிரிக்காரன். எங்கள் பக்கத்துக் காட்டுக்குள் ஊர்கள் இருக்கின்றன, அந்த ஊர்களில் பாட்டும் தெய்வமும் மாமன் மச்சான் முறையும் இருக்கின்றன.

அண்ணன் மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யாரும் இல்லாத தீவில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பள்ளிப் பையன்கள் மெல்ல மெல்லக் கொலைகாரக் கூட்டமாக மாறுகிற கதை அது. நோட்டின் நடுவே ஒரு கோடு. நாகரிகம் என்று போட்டு இடதுபக்கம் சங்கு, கூட்டம், மூக்குக்கண்ணாடி, கப்பலுக்குச் சைகை காட்டும் தீ. காட்டுமிராண்டித்தனம் என்று போட்டு வலதுபக்கம் வேட்டை, ஈட்டி, முகத்தில் சாயம், நெருப்பைச் சுற்றி ஆட்டம். கைடில் அப்படித்தான் இருக்கிறது சித்தப்பா என்றாள். அவள் வகுப்பில் எங்கள் நீலகிரிப் பழங்குடியான குறும்பர் வீட்டுப் பெண் ஒருத்தியும் படிக்கிறாள். அந்தப் பெண்ணும் இதே கோட்டைப் போட்டு, தன் தாத்தா செய்த வேலையையும் தன் வீட்டு விசேஷத்தில் ஆடுகிற ஆட்டத்தையும் வலதுபக்கத்தில் எழுதித்தான் மார்க் வாங்க வேண்டும். அதை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாவல் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1954இல் வந்த அந்தப் புத்தகத்தை இப்போது படித்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கோல்டிங் பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், 1944இல் ஜெர்மானியரை எதிர்த்துப் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியதில் பங்கெடுத்தவர். தேனீ தேனை உண்டாக்குவது போல மனிதன் தீமையை உண்டாக்குகிறான், அந்த ஆண்டுகளைக் கடந்துவந்த பிறகும் இது புரியாதவன் குருடனாகவோ புத்தி பேதலித்தவனாகவோதான் இருப்பான் என்று பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதினார். சரி, அவர் சொல்கிற அந்தத் தீமை எங்கே நடந்தது? ரயிலும் தந்தியும் பல்கலைக்கழகமும் இருந்த ஐரோப்பாவில். மனிதர்களைக் கொல்வதற்கு அட்டவணை போட்டு ரயில் விட்டார்கள். அப்படியிருக்க, அந்தத் தீமைக்குக் கதையில் ஒரு வேஷம் கட்ட வேண்டி வந்தபோது அவர் எடுத்தது முகச்சாயத்தையும் ஈட்டியையும்தான். என் சண்டையே இந்த வேஷத்தோடுதான்.

அந்த நாவலையே ஊன்றிப் படித்தால் கைடு சொல்வது பாதிதான் என்று தெரியும். வேட்டைக் கூட்டத்தின் தலைவனான ஜாக் யார்? தேவாலயப் பாடகர் குழுவின் தலைவன். கறுப்பு அங்கி, தொப்பி, இரண்டிரண்டு பேராக வரிசை என்றுதான் அவன் ஆட்கள் கதைக்குள்ளேயே வருகிறார்கள். வெயிலில் வரிசையைக் கலைக்காதே என்று அவன் போட்ட அதட்டலில் ஒரு பையன் மயங்கி விழுகிறான். தீவில் அது முதல் நாள், வேட்டையும் இல்லை, சாயமும் இல்லை. நாம் காட்டுமிராண்டிகள் இல்லை, ஆங்கிலேயர்கள், எல்லாவற்றிலும் நாம்தான் சிறந்தவர்கள் என்று சொல்வதும் இதே ஜாக்தான். கடைசியில் பிள்ளைகளைக் காப்பாற்ற வருகிற அதிகாரி வருவது போர்க்கப்பலில். வெளியே பெரியவர்கள் உலகத்தையே கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் கோல்டிங் தெரிந்தே வைத்தவை. ஆனால் வகுப்பில் மிஞ்சுவது சாயம் பூசிய முகம் மட்டும்தான்.

நிஜமாகவே தீவில் மாட்டிக்கொண்ட பையன்களின் கதையும் இருக்கிறது. 1965இல் பசிபிக் கடலின் தீவு நாடான டோங்காவில் உறைவிடப் பள்ளியிலிருந்து ஓடிப்போக நினைத்த ஆறு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஏறக்குறைய 15 மாதம் கழித்து, 1966 செப்டம்பரில், பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் தன் படகில் அந்தப் பக்கம் வந்தபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். தீயை அணையவிடாமல் பாதுகாத்து வந்தார்கள், வேலைக்கு முறை வைத்திருந்தார்கள், சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் தணிந்து வருவது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள், ஒருவனுக்குக் கால் உடைந்தபோது குச்சி வைத்துக் கட்டிக் குணமாக்கியிருந்தார்கள். இந்தக் கதை இப்போது ஓரளவு பரவிவிட்டது, மனிதன் நல்லவன் என்பதற்குச் சாட்சியாகப் பலரும் பகிர்கிறார்கள். அந்தத் தீவில் ஏன் ஆளில்லை என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை. 1863இல் அடிமை பிடிக்க வந்த ஒரு கப்பல் அங்கிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தந்திரமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தவர்களை டோங்கா அரசர் வேறு தீவுக்குக் குடிமாற்றினார். இதில் எதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அண்ணன் மகளிடம் புறநானூற்றின் 150ஆம் பாட்டைப் படித்துக் காட்டினேன். வன்பரணர் பாடியது. பருந்தின் சிறகு போலக் கிழிந்த துணியோடு, பசியில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் புலவர். காலில் மான் ரத்தம் ஒட்டிய ஒரு வேட்டுவன் வருகிறான். இவர் எழுந்து கும்பிடப் போக, கையைக் காட்டி உட்காரச் சொல்கிறான். தன் ஆட்கள் வந்து சேர்வதற்குள் தானே தீக்கடைந்து இறைச்சியைச் சுட்டு, உன் சுற்றத்தோடு தின்னு என்று கொடுக்கிறான். மார்பிலிருந்த ஆரத்தையும் கையிலிருந்த கடகத்தையும் கழற்றிக் கொடுக்கிறான். எந்த நாடு என்று கேட்டால் சொல்லவில்லை, பேரையும் சொல்லவில்லை. அவன் மலைநாட்டுத் தலைவன் நள்ளி என்பது வழியில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. ரத்தம், நெருப்பு, வேட்டை என்று கைடு வலதுபக்கம் தள்ளுகிற சங்கதிகள் இந்தப் பாட்டில் இருக்கின்றன, படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். அதே நூலின் 46ஆம் பாட்டில் சோழன் கிள்ளிவளவன், பகைவன் மலையமானின் சின்னக் குழந்தைகளை யானைக்காலில் இடப்போகிறான். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட குழந்தைகள் அந்த மன்றத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். தடுப்பதற்குக் கோவூர் கிழார் என்று ஒரு புலவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. சபை, அரசன், முறை எல்லாம் கூடியிருந்த இடம் அது.

இதற்காக மலைக்காரர்கள் எல்லாம் குழந்தை மனம் படைத்தவர்கள் என்று நான் எழுதினால் அதுவும் பொய். சூனியம் வைத்தார்கள் என்று சந்தேகப்பட்டுக் குறும்பர்களைக் கூட்டமாகச் சேர்ந்து கொன்ற சம்பவங்கள் 19ஆம் நூற்றாண்டில் இதே நீலகிரியில் நடந்திருக்கின்றன. கொன்றவர்களும் மலைவாசிகளே. பயம் ஊருக்குள் புகுந்துவிட்டால் காடு, நகரம் என்ற வித்தியாசம் பார்க்காது.

மனித மனம் எவ்வளவு தூரம் போகும் என்பது குறும்பர்களுக்கு நன்றாகவே தெரியும். பாறைத் தேன் எடுக்கும்போது செங்குத்தான பாறையில் ஒருவன் கொடியில் தொங்கி இறங்குவான், மேலே ஒருவன் கயிற்றைக் காவல் காப்பான். அந்த இடத்தில் கூடப்பிறந்த அண்ணன் தம்பியை வைக்க மாட்டார்கள், பெண்டாட்டியின் சகோதரன்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கம். காரணம் கேட்டால், தன் அக்காவோ தங்கையோ கணவனை இழப்பதை எந்த மச்சானும் விரும்ப மாட்டான் என்பார்கள். கூடப்பிறந்தவனுக்குப் பங்கு ஆசை வரலாம், அண்ணன் பெண்டாட்டி மேல் ஆசை வரலாம், கோடியில் ஒருவனுக்குத்தான் என்றாலும் வரலாம் என்று யாரோ ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார்கள். அதற்காக உறவையே வெறுத்துவிடாமல் இன்னொரு உறவைக் கொண்டுவந்து பாறை மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கோல்டிங் நாவல் முழுக்க மல்லாடுகிற கேள்விக்கு இவர்கள் தேன் எடுக்கிற வேலைக்குள்ளேயே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கோல்டிங்கின் தீவில் ஒரு ஜோடி இரட்டையரைத் தவிர யாருக்கும் யாரும் உறவில்லை, அம்மா இல்லை, அக்கா இல்லை, ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. அந்தக் கூட்டத்தை வைத்து மனித இயல்பே இதுதான் என்று தீர்ப்பு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே ஆங்கிலம் நடத்துகிற ஆசிரியர்கள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். நாவலைத் தாராளமாக நடத்துங்கள், நன்றாக நடத்துங்கள். டோங்கா பையன்களையும் 150ஆம் பாட்டையும் பக்கத்தில் வையுங்கள், முடிந்தால் தேன் எடுக்கிற பெரியவர் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்க அட்டவணையை மட்டும் பிள்ளைகளிடம் எழுதி வாங்காதீர்கள்.