மைனஸ் குறி முக்கியம்

பழைய லாக் ஃபைல்களை (கணினி தன் செயல்பாட்டைக் குறித்து வைக்கும் பதிவுகள்) அழிக்க, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரு ஸ்கிரிப்ட் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் ஃபைலை அழிக்கும் 'ரிமூவ்-ஐட்டம்' கட்டளையோடு முதலில் '-வாட்இஃப்' சேர்த்து ஓட்டச் சொல்லியிருக்கலாம். எதையும் அழிக்காமல், எதெது அழியும் என்று மட்டும் காட்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் பட்ட பாடு இது. 30 நாளுக்கு முந்தைய ஃபைல்களை அழிக்க, தேதியோடு நாட்களைக் கூட்டும் 'ஆட்டேஸ்' (AddDays) அடைப்புக்குள் -30 போடுவதற்குப் பதில் வெறும் 30 போட்டுவிட்டேன். தேதி அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தையவை என்றால் இருக்கிற எல்லா ஃபைலும்தானே! ஃபோல்டர் துடைத்த மாதிரி ஆனது. தீபாவளிக்கு முதல் நாள் வேறு.

அப்புறம் லோட்ஷெட்டிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு. ஸ்கிரிப்ட் ராத்திரி 2 மணிக்கு ஓட வேண்டும் என்று வைத்து, அப்போது கரண்ட் இல்லையென்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் அந்த வேலையைத் தவறவிடும். தவறிய வேலையைப் பிறகு ஓட்டுவதற்கென்று செட்டிங்ஸில் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.