மாமியார எப்போலேருந்து பேர் சொல்ல ஆரம்பிச்சா?

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழம, பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடை மாடியில நாங்க அஞ்சாறு பேர் உக்காந்து கதை வாசிச்சுக்கிட்டு இருந்தோம். என்னோட கதை பட்டர்வொர்த்துல ஒரு சாவு வீடு, செத்தது மாமியார். மருமக, சின்ன மகன், மாமனார்னு மூனு பேர் பார்வையில மாத்தி மாத்தி போகும். மருமக பகுதியில பழைய நெனப்பா "பார்வதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்"னு ஒரு வரி. அத தாண்ட விடல, ஒரு அக்கா கைய தூக்கிட்டாங்க. "தம்பி, இந்த மருமக எப்போலேருந்து மாமியார பேர் சொல்ல ஆரம்பிச்சா?"

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அவங்க சொன்னது அவ்ளோ சரி. அந்த வரியில பாக்குறது மருமக இல்ல, நான். அவளா இருந்தா "அத்தை எட்டிப் பாத்தாங்க"னுதான் மனசுக்குள்ளயும் ஓடும்.

பல பார்வையில கதை சொல்றதுன்னா அத்தியாயத்துக்கு மேல ஒரு பேர போட்டு "நான்"னு ஆரம்பிச்சா போதும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனைச்சேன், ஆனா நம்ம பாஷையில பார்வைங்கறது ஒவ்வொரு வாக்கியத்தோட வால்லயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்கிலீஷ்ல எல்லா ஆம்பளைக்கும் 'ஹீ' ஒன்னுதான். நமக்கு அதே கெழவன் பொண்டாட்டிக்கு 'அவரு', அவரோட அக்காவுக்கு 'அவன்', பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு 'தாத்தா'. வந்தான் போனான் கூட அப்படித்தான். மாமனார் பகுதியில அவர வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சுட்டு "சின்னவன் கேட்டைத் திறந்து வீட்டுக்குள்ள வந்தான்"னு எழுதியிருந்தேன். வாசல்ல இருக்கறவருக்கு அவன் உள்ள *போறான்*. ஒரு வினைச்சொல்லு, கதை அவர விட்டுட்டு வீட்டுக்குள்ள தாவிடுச்சு!

அப்புறம் பேச்சு. மாமனார் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவரு, அவரு வாயில காலையில ஆள் கணக்கெடுக்கற பிரட்டு, வரிசை வீடான லயம், வேலை வாங்கற தண்டல்னு வரும். சின்னவனுக்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, தெனம் மோட்டார்ல பாலம் தாண்டி போறவன், ஷிஃப்ட்டு, ஓ.டி. (ஓவர்டைம்), ஜாம்னு மலாய் பாதி இங்கிலீஷ் பாதியாத்தான் யோசிப்பான். நான் மூனு பேருக்கும் ஒரே தமிழ குடுத்திருந்தேன், என் தமிழ. இந்த ஊர்ல ஒரே வீட்டுக்குள்ள மூனு தமிழ் இருக்கு, அத கேக்காம எழுதுறது அந்த மனுசங்களுக்கு நாம செய்ற அநியாயம்னு நெஜமாவே நெனைக்கிறேன்.

இன்னொன்னு, பல பார்வைன்ன உடனே ராஷோமோன், விருமாண்டின்னு படங்கள சொல்லிட்டு ஒரே சம்பவத்த மூனு தடவ எழுதுறாங்க. 1950ல வந்த ராஷோமோன்லயும் சரி 2004ல வந்த விருமாண்டிலயும் சரி, ஒருத்தர் சொன்னத அடுத்தவர் சொல்றது ஒடைக்குது, அதனாலதான் திரும்ப பாக்க முடியுது. ஒடையாதுன்னா ஒரு தடவையே போதும், கதைய முன்னாடி தள்ளுங்க.

யாருக்கு எவ்ளோ எடம்ங்கறதும் இருக்கு. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1930ல ஒரு நாவல் எழுதினாரு, அம்மாவோட பொணத்த அடக்கம் பண்ண குடும்பமே வண்டியில தூக்கிட்டுப் போற கதை. 15 பேர் பேசுறாங்க, 59 பகுதி, அதுல செத்த அம்மாவுக்கு ஒன்னே ஒன்னு. அந்த ஒன்னு வந்ததுக்கு அப்புறம் மத்த எல்லாரும் பேசுறது வேற மாதிரி கேக்குது. அத படிச்சுட்டுத்தான் என் கதையில மாமனாரோட நாலு பகுதிய வெட்டி ஒன்னாக்கினேன். வலிச்சுது, நல்ல வரிங்க போச்சு, ஆனா அவரு பேசாம வாசல்ல உக்காந்திருக்கறத இப்ப மருமக பாக்குறா, சின்னவன் பாக்குறான், அதுவே போதுமா இருக்கு.

மருமக பகுதி முழுக்க 'அத்தை'ன்னு மாத்திட்டேன். ஒரே ஒரு எடத்துல மட்டும் பேர விட்டு வெச்சிருக்கேன். சாவுப் பத்திரம் எடுக்க கவுண்டர்ல நிக்கிறா, கையில அத்தையோட ஐசி, அடையாள அட்டை, அதுல பார்வதி ஏ/பி முனியாண்டி, அதாவது முனியாண்டி மக பார்வதி. பதினோரு வருசம் ஒரே அடுப்படியில நின்னவ, அத்தைக்கும் ஒரு அப்பா இருந்தாருன்னு அவளுக்கு அப்பத்தான் தோணுது.