44 டிகிரி காபி

காபிக்கடைங்க. துணிக்கடை இல்ல, நகைக்கடை இல்ல. காபிக்கடை. இந்த ஸ்டைலான புதுக் காபிக்கடைங்க 11 மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்குவாங்களாம்.

ராத்திரி ரயிலும் ஸ்லீப்பர் பஸ்ஸும் விடியக்காலை 5, 6 மணிக்கு ஆளை இறக்கிவிடும்னு ஊர் உலகத்துக்கே தெரியும், இந்தக் கடைக்காரங்களைத் தவிர. மைசூர், கொச்சி, கோவை, புதுச்சேரி, எங்க இறங்கி மேப்பைத் திறந்தாலும் 4.8 ஸ்டாரோட ஒண்ணு கண்ணடிக்கும். கீழயே சிவப்பு எழுத்துல: மூடியுள்ளது. 11 மணிக்குக் காபி கேக்கிறவன் ஏற்கெனவே ரெண்டு குடிச்சவன்யா! பெங்களூர் தர்ஷினியில, அதான் நின்னுக்கிட்டே சாப்பிடுற டிபன் கடையில, அந்நேரத்துக்கு பை-டூ காபி (ஒண்ணை ரெண்டாப் பிரிச்சுக் குடிக்கிறது) கணக்கு நூறைத் தாண்டியிருக்கும்.

சரி, காத்துக் கிடந்து உள்ள போறீங்க. பூசாத செங்கல் சுவர், தொங்குற மஞ்சள் பல்பு, தொட்டியில மணி பிளான்ட். கொச்சியில பார்த்த அதே கடை. ஊர் மாறுச்சா, தூங்கி எழுந்து அங்கேயே இறங்கிட்டோமான்னு ஒரு சந்தேகம் வரும். கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா மெனு. சிக்மகளூர், வாஷ்டு (பழச்சதையைக் கழுவி எடுத்த கொட்டை), ஒற்றை எஸ்டேட், போர் ஓவர் (தூள் மேல வெந்நீரை ஊத்தி வடிக்கிறது), 260 ரூபாய். சுவைக்குறிப்பு: புளூபெர்ரி, பெர்கமாட், ஸ்டோன் ஃப்ரூட். குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்குன்னு அஞ்சு காபிக்கு 2019-லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சு. அத்தனை பெருமையும் கடைசியில யாரும் கடிச்சுப் பார்க்காத ஒரு பழத்துல போய் முடியுது.

இப்ப அந்த 260 ரூபாய் எப்படிச் செத்துச்சுன்னு பார்ப்போம். நிதானமாப் பார்ப்போம், ஏன்னா காபி போடுற தம்பியும் நிதானமாத்தான் கொன்னாரு.

15 கிராம் கொட்டை, 240 மில்லி தண்ணி. தராசுல அளந்தாரு, அது வரைக்கும் சரி. கூம்புல பேப்பரை வச்சாரு. வெந்நீர் விட்டு அலசினாரா? இல்ல. அலசலைன்னா முதல் வாய்லயே அட்டைப்பெட்டி வாசனை. தூளைக் கொட்டி முதல் தண்ணி விட்டாரு, ஒரு 40 மில்லி. புது வறுவலா இருந்தா இந்த இடத்துல உள்ள இருக்கிற வாயு வெளிய வந்து தூள் உளுந்து மாவு மாதிரி பொங்கணும். இது பொங்கல. நனைஞ்ச செம்மண் மாதிரி கம்முனு கிடந்துச்சு. ஏன்னு கேட்டா, அந்தக் கொட்டைப் பை அலங்காரத்துக்காக ஜன்னலோரத்துல வெயில் காயுது. வறுத்த தேதி? மூணு மாசம் முன்னாடி. அதையும் பையில அச்சடிச்சே வச்சிருக்காங்க, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

நனைச்சதும் 30, 45 விநாடி நிக்கணும். அவ்வளவுதான் வேலை, நிக்கணும். அந்த நேரம் பார்த்து டெலிவரி ஆள் வந்துட்டாரு. தம்பி போனாரு, கவர் தேடினாரு, ஸ்ட்ரா தேடினாரு, பில்லுல ஒரு சந்தேகம், அதையும் தீர்த்தாரு. திரும்பி வர ரெண்டரை நிமிஷம். ஒழுங்கா ஊத்தியிருந்தா மொத்த காபியே 3 நிமிஷத்துல இறங்கியிருக்கும்! தூள் ஆறிக் கெட்டியா உக்காந்துருச்சு. போன நேரத்தைப் பிடிக்கணும்னு மிச்சம் 200 மில்லியையும் ஒரே மூச்சுல குடம் கவுக்கிற மாதிரி கவுத்தாரு. தூள் ஓரமா ஒதுங்க, பாதித் தண்ணி தூளைத் தொடாமலே பேப்பர் சுவரோரமா ஓடி இறங்கிருச்சு. மிச்சப் பாதி அடியில அடைச்ச பொடியில சிக்கிக்கிட்டு சொட்டுச் சொட்டா மூக்கொழுகுது. ஓடினது புளிப்பு, சிக்கினது கசப்பு. ரெண்டும் ஒரே கண்ணாடிக் குடுவையில சங்கமம். மேசைக்கு வர்றப்ப ஆறியும் போச்சு.

"சிட்ரஸ் தெரியுதா சார்?"

தெரியுது தம்பி. நல்லாவே தெரியுது.

இதுக்கு மேல வம்பு வேணாம்னு ஃபில்டர் காபியைத் தேடினா மெனுவுல எப்படி இருக்கு தெரியுமா? 'சவுத் இந்தியன் ஃபில்டர் காபி'. கோவையில உக்காந்துக்கிட்டு! ஆர்.எஸ்.புரத்துல இருக்கிறவனுக்கு எந்த ஊர் காபின்னு சந்தேகம் வந்துருமாம்.

பித்தளை டபராவுல ஒரு காலி டம்ளர். பக்கத்துல லேப் பீக்கர்ல டிகாக்‌ஷன், குட்டி ஜக்குல பால். நீங்களே கலந்துக்கணுமாம், அது ஒரு 'எக்ஸ்பீரியன்ஸ்'. டிகாக்‌ஷன் நேத்து போட்டது, ஃப்ரிட்ஜ்ல தூங்கினது. பால் லாட்டேவுக்கு நுரைக்கிற குழாய்ல 60 டிகிரிக்குச் சூடானது. லாட்டேக்கு அது போதும், அங்க எஸ்பிரஸோவும் சுடச்சுட இறங்குது. இங்க போதாது. பள்ளிக்கூடக் கணக்குதான்: 5 டிகிரியில 40 மில்லி, 60 டிகிரியில 100 மில்லி, கலந்தா 44 டிகிரி. டிகிரி காபி டிகிரி காபிங்கிறாங்களே, அது இதுதான் போல!

இதுல சூட்சுமம் என்ன இருக்கு? மூணு ஸ்பூன் தூளைக் குமிச்சுப் போட்டு, ஃபில்டரோட வர்ற குடைக்கம்பியால லேசா அழுத்தி, கொதிச்சு அடங்கின தண்ணி 120 மில்லி விட்டு, 20 நிமிஷம் தட்டாம கொட்டாம விடணும். பால் பொங்கினதும் அப்படியே சேர்க்கணும். டிகாக்‌ஷன் ஆறிட்டா பாத்திரத்தோட வெந்நீர்ல உக்கார வைக்கணும். அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டா வாசனை ஓடிப்போய் கசப்பு மட்டும் மிஞ்சும். சிக்கரி எவ்வளவுன்னு கேட்டா தம்பி முழிக்கிறாரு. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, பாக்கெட்டுல போட்டிருக்கும், திருப்பிப் பார்த்தாப் போதும். சிக்கரி மேல எனக்குக் கோவம் இல்ல, 20 சதவீதம் போட்டா பாலுக்கு நல்லாவே நிக்கும். ஆனா நாக்குல கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டினா அது 20 இல்ல.

நல்ல கடையே இல்லையான்னு சண்டைக்கு வராதீங்க, இருக்கு. வறுத்த தேதியைக் கேட்டா கோவப்படாம சொல்ற கடை, ஒருத்தர் ஊத்துறப்ப இன்னொருத்தர் கல்லாவைப் பார்க்கிற கடை. அதெல்லாம் கண்ணுல படுறது ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு, திங்கக்கிழமை, வார விடுமுறை. அது வரைக்கும் காபித்தூள் அரைக்கிற வாசனை எந்தத் தெருவுல வருதோ அங்க போங்க. கூட்டம் மொய்க்கிற இடத்துல டிகாக்‌ஷன் பழசாக நேரமே கிடையாது.

இதெல்லாம் கூடப் போகட்டும். அந்த முக்காலி! தரையிலிருந்து இடுப்புயரம், சாய முதுகு கிடையாது, கால் எட்டாது. ராத்திரி முழுக்க அப்பர் பெர்த்துல மடங்கிக் கிடந்த இடுப்பைத் தூக்கி அதுல வச்சு, பையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம மடியில கட்டிப்பிடிச்சுக்கிட்டு, காதுகுத்துக்கு உக்கார வச்ச குழந்தை மாதிரி காலை ஆட்டிக்கிட்டே 44 டிகிரியை உறிஞ்சணும். ஒரு நாற்காலி போடுங்கய்யா. பிளாஸ்டிக்கா இருந்தாலும் பரவாயில்ல.