20 அங்குல வீல் போட்டால் மின்சார காரின் ரேஞ்ச் (ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம்) கூடுமா?

"18 அங்குல வீலைக் கழற்றி 20 போடுங்கள், ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும், ரேஞ்ச் ஏறும்" என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஒரு சுற்றில் ஓடும் தூரத்தைத் தீர்மானிப்பது ரிம் அல்ல, டயரின் வெளிவிட்டம். டயரில் 235/45 ஆர்18 என்றிருந்தால் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45%, ரிம் 18 அங்குலம். இதன் வெளிவிட்டம் சுமார் 669 மி.மீ.; 235/35 ஆர்20 சுமார் 673. ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 12 மி.மீ.தான். 255/35 ஆர்20 போட்டால் விட்டம் 2.7% கூடும், அந்த அளவுக்கு ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 80 எனக் காட்டும்போது கூடுதலாக 2 கி.மீ. வேகத்தில் போவீர்கள். பெரிய ரிம்மின் எடையும் அகல டயரின் உருளல் தடையும் (டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு) பேட்டரியைத்தான் தின்னும்.

இன்னொரு ஆபத்து, 235/35இல் பக்கச்சுவர் 106 மி.மீ.யிலிருந்து 82க்கு இறங்கிவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் புடைக்கும்.

சுமைக் குறியீட்டை (ஒரு டயர் தாங்கும் அதிகபட்ச எடையைக் குறிக்கும் எண்) மறக்கவே கூடாது. 98 என்றால் டயருக்கு 750 கிலோ, 94 என்றால் 670. பேட்டரி சுமக்கும் காருக்குக் கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண் வேண்டாம். ரிம் வாங்குமுன் போல்ட் இடைவெளி, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகப்பு வரை உள்ள தூரம்), நடுத்துளை மூன்றையும் பழைய ரிம்மோடு ஒப்பிடுங்கள். பிடிமானம்தான் வேண்டுமென்றால், அதே அளவில் நல்ல ரக டயர் போதும்.